இடது பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

சத்தம் வருகிறது என்று சொல்லி ஒருவர் காரைக் கொண்டுவந்து நம் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினால், நம் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் இன்ஜினை அணைக்கச் சொல்வது. அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள், "பழைய வண்டிதான, அப்படித்தான் இருக்கும்" என்று பதிலையும் சொல்லிவிடுவார்கள். வந்தவர் பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி. "வண்டிய யாரு ஓட்டுறாக? நீங்களா?"

காரைக்குடியில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஃபோர்மேனாகி, அங்கேயே ஓய்வும் பெற்றவன் நான். அந்தக் கடைசிக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது. நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பேரிங்கை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் போனைத் திறந்தால் படமாகவே வருகிறது. நான் சொல்ல வந்தது பள்ளத்தூர் சாஜிதாவுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடந்த அநியாயத்தை.

சாஜிதாவின் கணவர் ரியாஸ் துபாயில் வேலை பார்க்கிறார். ஊரில் அவர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன பழைய சின்ன கார் ஒன்று இருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்தார் சாஜிதா. ஆசைக்குக் கற்றுக்கொண்டதில்லை. மாமனார் காசிம் பாய்க்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் சில நாட்கள் காரைக்குடிக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டியிருந்தது. முடித்துவிட்டுத் திரும்பும்போது அவரால் பஸ்ஸில் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. மருமகள் ஓட்ட, பின்சீட்டில் சாய்ந்துகொண்டு வீடு போய்ச் சேருவார்.

அந்தக் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சாஜிதா முதல் தடவை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது நான் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தேன். முன்மேசையில் அவர் சொன்னது இதுதான்: "நாப்பது தாண்டுனா ஒரு முனகல் வருது. எடது பக்கம் ஒடிச்சா கூடுது. வலது பக்கம் ஒடிச்சா நின்னுருது."

இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டரிடம்கூட யாரும் நோயைச் சொல்லிவிட முடியாது. எந்த வேகத்தில் வருகிறது, எப்போது கூடுகிறது, எப்போது நிற்கிறது, மூன்றும் அதில் இருக்கின்றன. நம் ஆட்கள் காதில் விழுந்தது "சத்தம்" என்ற ஒரே சொல். சக்கரங்களுக்கு பாலன்ஸ் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

சத்தம் போகவில்லை. மறுபடி வந்தார். அதே வார்த்தைகளைச் சொன்னார். இந்தத் தடவை "எடது பக்கம்" என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. இடது பக்க முன்சக்கரத்துப் பேரிங்கை மாற்றிவிட்டார்கள். நன்றாக இருந்த பேரிங்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். பஸ் இடது பக்கம் ஒடித்தால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? வலது பக்கம். காருக்கும் அதுதான். இடது பக்கம் திரும்பும்போது எடை முழுக்க வலது பக்கச் சக்கரங்களின் மேல் போய் விழுகிறது. அப்போது முனகல் கூடினால் வலது பக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். வியாதி இடது பக்கம் என்று அந்தப் பெண் சொல்லவே இல்லை. இடது பக்கம் திரும்பும்போது என்றுதான் சொன்னார். கேட்கப் பொறுமையில்லாதவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

மூன்றாவது தடவை அவர் வந்த அன்றுதான் நான் லீவு முடிந்து வேலைக்கு வந்தேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறேன், மேனேஜர் அந்தக் காரை டிரையல் பார்த்துவிட்டு வந்து இறங்குகிறார். டிரையல் என்றால் என்ன டிரையல் தெரியுமா? எங்கள் வாசலில் இருந்து கடைத்தெரு வழியாகப் போய், ஒரு சுற்றுச் சுற்றி வருவது. மாட்டு வண்டியும் ஸ்கூட்டரும் போகிற தெருவில் முப்பதைத் தொட்டாலே பெரிய விஷயம். அதிலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது" என்றார்.

"நீங்க நாப்பதே தாண்டிருக்க மாட்டீகளே சார்" என்றார் சாஜிதா. குரலை உயர்த்தவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. மெக்கானிக் பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் ரியாஸ் பெயரில் இருந்ததால் அவருடைய துபாய் நம்பர் எங்களிடம் இருந்தது. அந்தப் பெண்ணை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே மேனேஜர் வாட்ஸ்அப்பில் அவரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க வண்டி பக்காவா இருக்கு. மேடம்தான் கொஞ்சம் பயந்து பயந்து ஓட்டுறாங்க. கிளட்ச் மேலயே கால வச்சிருப்பாங்க போல. அதுல வர்ற சத்தம்தான். ஒரு நல்ல டிரைவராப் பாத்துப் போட்டுக்கங்க, பிரச்சினையே வராது."

கிளட்சில் கால் வைத்தால் இடது பக்கம் ஒடிக்கும்போது மட்டும் எப்படி ஐயா முனகும்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ரியாஸ் அந்தப் பக்கத்தில் இருந்து சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல. சாவிய மச்சான்கிட்ட குடுத்துரு. இனி நீ ஓட்ட வேணாம்."

சாஜிதா சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் அவருக்கு டயாலிசிஸ் இருந்தது. காது மந்தம், அதனால் நடந்தது முழுவதும் அவருக்குப் பிடிபடவில்லை. மருமகள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத் தெரியாது என்று ஒரு பெண்ணைப் பற்றிக் கணவனுக்குப் போன் போட்டுச் சொல்கிற அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒக்கூரில் இருந்து ஒரு வாத்தியார் கடகடவென்று சத்தம் வருகிறது என்று வந்தார். டேஷ்போர்டையே கழற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சோடா பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், அவரும் சிரித்தார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் மனைவிக்குப் போன் போடவும் இல்லை.

நான் சாஜிதாவிடம் போனேன். "வாங்கம்மா, ஒரு டிரையல் பாப்போம். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வாறேன்" என்றேன்.

"இவுக ஓட்டியே பாத்துட்டாகளே அண்ணே."

"சத்தம் உங்களுக்குத்தான கேக்குது. உங்களுக்குக் கேக்கிற மாதிரியே நீங்க ஓட்டுங்க."

இதை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொன்னவர்தான் ஓட்ட வேண்டும். அவருக்குத்தான் அந்தச் சத்தத்தின் இடமும் வேகமும் தெரியும். நாம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கிளம்பும்போது காசிம் பாயும் எழுந்து வந்தார். "நீங்க இருங்க மாமா, இப்ப வந்துருவோம்" என்று சாஜிதா அவர் காதருகே குனிந்து சொன்னார். அவர் கேட்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எப்படியும் டயாலிசிஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, சுற்றிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம் என்று நினைத்தோம்.

ஊரைத் தாண்டிக் கொத்தமங்கலம் போகிற பக்கமாக விட்டோம். கண்ணாடிகளை இறக்கி, ஏசியை அணைக்கச் சொன்னேன். சாஜிதா ஓட்டுவதைப் பார்த்தேன். கிளட்சில் கால் வைத்துக்கொண்டெல்லாம் இல்லை. கியர் மாற்றுவது எங்கள் டிரைவர்களைவிடப் பதமாக இருந்தது. ஐம்பதில் போகும்போது முனகல் வந்தது. ரோட்டோடு சேர்ந்து வருகிற மாதிரி ஒரு தாழ்ந்த சத்தம். இடது வளைவு ஒன்று வந்தது. சத்தம் பெரிதானது. வளைவு முடிந்து வலது பக்கம் லேசாக ஒடித்ததும் காணாமல் போனது. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.

எனக்கு முதலில் வலது பக்க முன்சக்கரம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஸ்டீயரிங் அதிரவில்லை. என் கால் வைத்திருந்த இடமும் அமைதியாக இருந்தது. டயர் தேய்மானமாக இருக்குமோ என்றும் ஒரு யோசனை. அப்போது பின்னால் இருந்து என் தோளைத் தட்டினார் காசிம் பாய்.

"எனக்குச் சத்தம் கேக்காது தம்பி. ஆனா காலுல தெரியுது" என்று தன் வலது காலைக் காட்டினார். "இங்குட்டு. எறும்பு ஊருற மாதிரி. இப்பல்லாம் வீட்டுக்குப் போயும் உள்ளங்கால் விறுவிறுன்னு இருக்கு."

"முன்சீட்டுல உக்காந்தா தெரியுதா பாய்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"ஒரு நா உக்காந்தேன். அன்னைக்குத் தெரியல."

சாஜிதா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இத ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏற்கெனவே கவலப்பட்டுக்கிட்டு இருந்த. வியாதிக்காரன் காலுதானன்னு விட்டுட்டேன்."

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பின்பக்க இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையைக் கொண்டுபோனேன். லேசான சூடு, எல்லாச் சக்கரத்திலும் இருக்கிற சூடு. வலது பக்கம் போனேன். தொட முடியவில்லை. கிட்டே போகும்போதே அனல் அடித்தது.

பிரேக் பிடித்துக்கொண்டாலும் சூடாகும். அதனால் காரில் இருந்த ஜாக்கியைப் போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. ஒரு சக்கரம் அப்படி ஆடக் கூடாது. சுற்றிவிட்டேன், உள்ளே கல்லை அரைக்கிற மாதிரி இருந்தது. பேரிங் போய்விட்டது. போனது இன்று நேற்றில்லை, அந்தப் பெண் முதல் தடவை வந்த நாளில் இருந்தே போய்க்கொண்டிருந்தது.

"மாமாவுக்கு நேரமாச்சு அண்ணே" என்றார் சாஜிதா. "மெதுவா இருபதுல உருட்டிக்கிட்டுப் போயிரலாமா? ஆஸ்பத்திரியில முறை தவறுனா இன்னைக்கு வேற எடம் கிடைக்காது."

இந்தத் தொழிலில் கஷ்டமான நேரம் இதுதான். பழுதைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் எதிரில் நிற்பவருக்கு அவசரம். அந்த மனிதரின் உடம்பில் நீர் ஏறியிருந்தது, கணுக்கால் வீங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. ஊர் பக்கத்தில்தான் இருந்தது. இருபதில் உருட்டினால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சூடேறிய பேரிங் எந்த நிமிடம் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் சக்கரம் இறுகி நிற்கும், அல்லது சாய்ந்துகொள்ளும். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்மா. இதுல ஏத்த முடியாது" என்றேன்.

மேனேஜருக்குப் போன் போட்டு, பழுதான வண்டியை இழுத்துவரும் ரிகவரி வேனை அனுப்பச் சொன்னேன், அதிலேயே பாயை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம் என்று. அவர் சொன்ன பதில் இது: "நடுரோட்டுல நிப்பாட்டி வேடிக்கை காட்டாதய்யா. நம்ம பேரு என்ன ஆகுறது? மெதுவா ஓட்டிக் கொண்டுவந்து சேத்துரு."

"நீங்க வந்து ஓட்டுங்க. நான் ஓட்ட மாட்டேன், இவுகளையும் ஓட்ட விடமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வெயிலில் நின்றோம். ரோட்டில் வந்த வண்டிகளை மறித்தேன். இரண்டு கார்கள் நிற்காமல் போயின. பிறகு காரைக்குடி பக்கம் போகிற ஆட்டோ ஒன்று வந்தது, அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரு அம்மா காசிம் பாயின் காலைப் பார்த்தார். பிள்ளைகளை இறக்கி, "நாங்க அடுத்த வண்டியில வாறோம், நீங்க ஏறுங்க" என்றார். சாஜிதா மாமனாரைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். முறை தவறவில்லை என்று பிறகு சொன்னார், வாசலில் போய் நிற்கும்போது அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

கார் வழியிலேயே நின்றதால் மேனேஜரே வேனோடு வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. காரை ஒர்க்‌ஷாப்பில் சேர்த்து, அவர் எதிரிலேயே அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே பேரிங் என்று ஒன்று இல்லை. உடைந்த துண்டுகளும், கிரீஸ் கருகிய பொடியும் கையில் கொட்டின. ஒரு துண்டு, சக்கரத்தைத் தாங்கும் தண்டில் ஆழமாகக் கீறி வைத்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் தண்டே போயிருக்கும்.

இதைப் பார்த்த மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? ஐயோ, ஒரு நோயாளியும் ஒரு பெண்ணும் இதில் போய் வந்துகொண்டிருந்தார்களே என்று தோன்ற வேண்டாமா? நம் கையால் இரண்டு தடவை அனுப்பி வைத்தோமே என்று உடம்பு நடுங்க வேண்டாமா?

மேனேஜர் சொன்னார்: "இத அந்த அம்மாகிட்ட காட்டாத. பிரேக் கிளீன் பண்ணோம், சரியாயிருச்சுன்னு சொல்லிரு."

நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். துண்டுகளை எல்லாம் ஒரு துணியில் பொறுக்கிக் கட்டி என் டூல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். புதுப் பேரிங்கும் தண்டும் போட்டேன். முன்னால் இடது பக்கம் வீணாக மாற்றியதையும் சேர்த்து எழுதி, இதில் எதற்கும் அவர்களிடம் காசு கேட்கக் கூடாது என்று முதலாளியிடமே போய்ச் சொன்னேன். முதலாளி துண்டுகளைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். மேனேஜரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாஜிதா மறுநாள் காரை எடுக்க வந்தார். முன்மேசையில் அந்தத் துணியைப் பிரித்து வைத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஓடிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணே?"

பூசி மெழுகவில்லை, உள்ளதைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன் பண்ணுனீகள்ல. இப்பவும் பண்ணுங்க. எனக்கு எதுக்க நின்னு சொன்னீக, எனக்கு எதுக்கவே இதையும் சொல்லுங்க."

"அதான் சரி பண்ணியாச்சேம்மா. எதுக்கு அவர வேற தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றார் மேனேஜர்.

"அன்னைக்குத் தொந்தரவாத் தெரியலையே."

மேனேஜர் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். "சார், வணக்கம். வண்டி ரெடி. சின்ன வேலைதான், பின்னாடி சக்கரத்துல கொஞ்சம் தேய்மானம். முடிச்சாச்சு" என்றார்.

சாஜிதா அசையாமல் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அழுகையால் இல்லை, கோபத்தால். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேனேஜர் கையில் இருந்த போனை வாங்கினேன்.

"ரியாஸ் தம்பி, நான் ஃபோர்மேன் பேசுறேன். சின்ன வேலை இல்ல. பேரிங் நொறுங்கிப் போயிருந்துச்சு. உங்க அத்தா அதுக்கு மேல உக்காந்து போய்க்கிட்டு இருந்தாரு. உங்க வீட்டுல முதல் நாள் வந்தப்பவே அத்தனையும் சரியாச் சொன்னாக. நாங்கதான் கேக்கல. ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல, நான் கூடப் போயிப் பாத்தேன். உங்ககிட்ட சொன்னது தப்பு."

அந்தப் பக்கத்தில் இருந்து ரியாஸ், "அவ பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடுங்கண்ணே" என்றார் தாழ்ந்த குரலில்.

போனோடு வாசலுக்குப் போனேன். சாஜிதா அதற்குள் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டும்போது நான் போன் பேசுறதில்லன்னு சொல்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சொன்னேன். ரியாஸ் சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் என்னைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சாஜிதாதான் ஓட்டி வந்தார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காசிம் பாய் வழக்கம்போலப் பின்னால்.

போனைப் பிடுங்கியதற்காக மேனேஜர் என்னை ரிப்பேர் ஃப்ளோரில் இருந்து எடுத்து, வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் பக்கம் போட்டார். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அங்குட்டுதான் இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. இத்தனை நடந்த பிறகும் அந்த மனிதர் சாஜிதாவிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருட ஸ்டாஃப் மீட்டிங்கில், வாடிக்கையாளர் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக இதே சம்பவத்தைச் சொன்னார், தானே கண்டுபிடித்த மாதிரி. கைதட்டினார்கள்.

அவர் இப்போதும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். உங்களில் சிலர் அவருக்குக் கீழே வேலைக்குச் சேரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சேருங்கள், வேலை கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா. ஆனால் என்றைக்காவது ஒரு பெண் காரை நிறுத்திவிட்டு இறங்கி, இப்படி ஒரு சத்தம் வருகிறது என்று சொல்ல, அந்த மேனேஜர் போனை எடுத்து அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தால், நீங்கள் போய் அந்தப் பெண்ணின் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்காருங்கள். மேனேஜர் உங்களைக் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்க வேண்டாம்.